தொண்ணூற்று நாலு பேர் சொன்ன ‘ஆமாங்க’

டோராயின் ஆய்வேட்டை நான் இரண்டு தடவை தட்டச்சு செய்தேன். முதல் தடவை இங்கிலீஷில், நூற்று எழுபது பக்கம். இரண்டாவது தடவை எங்கள் தகலோக் மொழியில். முதலாவதை அடிக்கும்போது முதுகு வலி உயிரை வாங்கியது. இரண்டாவதை அடிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திச் சிரித்தேன். அடுத்த மேசைக்காரி எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து வந்து பார்த்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம். பிலிப்பைன்ஸில், கேசோன் சிட்டிப் பல்கலைக்கழகத்து உளவியல் துறையில் நான் தட்டச்சுக்காரி. டோராயும் நானும் ஒரே விடுதி வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் இருந்தது பலகைச் சுவர்; தும்மினால் கேட்கும். தியோடோரா மாக்சும்போல் என்பது முழுப்பெயர். பத்தாங்காஸில் தையற்கடை வைத்திருந்தவரின் நாலாவது பெண். இருபத்து நாலு வயது. எங்களோடு தகலோக்கில் வம்பளப்பாள். படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவுவாள். ஏன் என்று கேட்டால், “அதெல்லாம் நம்ம பாஷையில சொல்ல வராதுக்கா” என்பாள்.

முதல் வருஷத்தில் அவர்கள் வகுப்புக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். ஒரு ஆள் தன் தேவையைத் தயங்காமல் எடுத்துச் சொல்பவரா, முடியாது என்று சொல்லத் தெரிந்தவரா என்று அளக்கும் தாள். அறுபது கேள்வி. நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினாள் டோராய். வகுப்பிலேயே அதுதான் கடைசி. ‘பிறரைச் சார்ந்தே நிற்கும் இயல்பு, தன்முடிவு வளரவில்லை’ என்று திருத்தியவர் கீழே எழுதியிருந்தார்.

அதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். அதுதான் வினை. நூலகத்தில் தேடித் தேடிப் படித்தாள். ஒரு சாயங்காலம் கண்ணாடி முன் நின்று, “முடியாது. வேண்டாம். எனக்கு இஷ்டமில்லை” என்று சொல்லிப் பழகுவது எனக்குச் சுவர் வழியே கேட்டது. மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா, “டோராய், கொஞ்சம் பூண்டு உரிச்சுத் தர்றியா?” என்றாள். இவள் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உரித்தாள். அப்புறம் என் அறைக்கு வந்து ஒரே அழுகை.

“எங்கிட்ட என்னமோ கொறை இருக்குக்கா.”

“பூண்டு உரிச்சது கொறையா?”

“இஷ்டமில்லாம உரிச்சேனே.”

“நெசமாவே இஷ்டமில்லாமயா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். “இல்ல… அவங்க தங்கச்சி ஓடிப்போன கதையச் சொல்லிட்டே இருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் என்னடி?”

“அதான் தெரியல.”

மேற்படிப்பு ஆய்வுக்கும் அதே கேள்வித்தாளையே எடுத்துக்கொண்டாள். மரிந்துகே தீவில் பினுங்காய் என்ற கடலோரக் குடியிருப்பு. அங்கே கருவாட்டுக் களத்தில் வேலை செய்யும் பெண்கள் தொண்ணூற்று நாலு பேர். பிப்ரவரியில் போய் இரண்டு வாரம் தங்கி, ஒருத்தி விடாமல் கேட்டு முடித்தாள். விதிப்படிதான் செய்தாள். தேவாலயத்தை ஒட்டிய சாமான் அறையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்த தாளை வாசித்தாள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிகளை வெளியே அனுப்பினாள். அது ராணுவச் சட்ட காலம் வேறு. தாளும் பேனாவுமாக வந்து பெயர் கேட்கும் யாரைக் கண்டாலும் ஜனங்களுக்குப் பயம். இருந்தாலும் அந்தப் பெண்கள் மரியாதையில் குறை வைக்கவில்லை. போன வீட்டிலெல்லாம் பூப்போட்ட தட்டில் டப்பா மத்தி மீனும் சோடாவும் வந்தன. “எவ்வளவு பாசம்கா அவங்களுக்கு!” என்று திரும்பி வந்து சொன்னாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். அமெரிக்கப் பெண்களின் சராசரிக்கு எங்கேயோ கீழே இருந்தது. நான் தட்டச்சு செய்தேன்: ‘இப்பெண்கள் பணிந்துபோகும் இயல்பினர், தம் தேவையை எடுத்துரைக்கும் திறன் அற்றவர்கள், இவர்களுக்குப் பயிற்சி அவசியம்.’ அந்தப் பக்கத்தை உருளையிலிருந்து உருவி எடுத்துவிட்டுக் கேட்டேன்.

“டோராய், இந்தப் பொம்பளைங்கள்ல நானும் சேத்தியா?”

“நீங்க கருவாடு போடலியேக்கா.”

“எங்கம்மா போட்டாங்க.”

அவள் முகம் சிவந்துபோனது. பக்கங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நானும் அதற்குமேல் கிளறவில்லை.

அவளுக்கு வழிகாட்டி டாக்டர் சாராபியா. சிகாகோவில் படித்துவிட்டு வந்தவர், கறார்ப் பேர்வழி. எண்களைப் பார்த்துவிட்டு, “இருபது பேரிடம் மறுபடி கேட்டு வா. இரண்டு தடவையும் பதில் ஒத்துப்போகணும். அப்போதான் அளவுகோலை நம்பலாம்” என்றார். ஏப்ரலில் டோராய் மறுபடியும் லுசேனாவில் படகேறினாள்.

முதலில் வந்து உட்கார்ந்தவள் தோயாங் என்ற நாலு பிள்ளைக்காரி. பிப்ரவரியில் ‘ஆமா’ என்று சொன்ன கேள்விக்கு இப்போது ‘இல்லை’ என்றாள். ‘இல்லை’ என்றதற்கு ‘ஆமா’. டோராய் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“போன தடவ ‘ஆமா’ன்னு சொன்னீங்களே?”

“அப்படியா சொன்னேன்?”

“இந்தா, இங்க இருக்குங்க.”

“அன்னிக்கு நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க, மிஸ். ‘இல்ல’ன்னா ஏன் எதுக்குன்னு இன்னும் கேப்பீங்க. பாவமா இருந்துச்சு. அதான் எல்லாத்துக்கும் ‘ஆமாங்க’ன்னுட்டேன்.”

“அப்ப இன்னிக்கு?”

“இன்னிக்கு எதச் சொன்னா உங்களுக்கு நல்லதுன்னு சொல்லுங்க, அதையே சொல்லிடறேன்.”

இருபது பேரும் இதே மாதிரிதான். ஒருத்தி பதிலைக்கூடச் சொல்லவில்லை. “நீங்களே போட்டுக்குங்க, மிஸ், படிச்சவங்க போட்டா சரியா இருக்கும்” என்றுவிட்டாள். இரண்டு வருஷ உழைப்பு, கதவு சாத்திய அந்த அறையில் தவிடுபொடி ஆயிற்று. டோராய் பெட்டியைக் கட்டிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். அங்கே போனால் படகின் எஞ்சின் படுத்துவிட்டிருந்தது. மணிலாவிலிருந்து உதிரிச் சாமான் வர எட்டு நாளாகும் என்றார்கள்.

அவள் தங்கியிருந்தது பெலாங் என்ற விதவையின் வீட்டில். முகத்தைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தவளைப் பெலாங் ஏற இறங்கப் பார்த்தாள். “எட்டு நாளும் மூலையில உக்காந்து மூக்கச் சிந்தப் போறீங்களா? களத்துக்கு வாங்க. கணவாய் குமிஞ்சு கெடக்குது, கைக்கு ஆளில்ல.”

கேள்வித்தாளுக்கு இனி வேலை இல்லை என்பதால் டோராய் போனாள். முதல் நாள் விரல் முழுக்க வெட்டு. இரண்டாம் நாள் முழங்கை வரை கணவாய் மை. பெண்கள் அவள் கத்தி பிடித்த லட்சணத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கேள்வியும் கேட்டார்கள், வளைத்து வளைத்து. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அப்பா ஒரு சட்டைக்கு எத்தனை நாள் எடுத்துக்கொள்வார், அந்தச் சுருட்டை முடி சொந்தமா, மருந்து போட்டதா. இவள் பதில் சொல்லச் சொல்ல, கேட்காமலே அவர்கள் கதையும் வந்தது. பிப்ரவரியில் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் கேட்டும் வராத கதை. மிஸ் என்ற கூப்பாடு நின்று டோராய் ஆயிற்று. அப்புறம் அதுவும் போய், “இந்தா பொண்ணே, உப்ப எடு.”

“மூணாம் நாள் பெலாங் எனக்கு விளிம்பு உடைஞ்ச தட்டுல சோறு போட்டாங்கக்கா” என்று பிறகு என்னிடம் சொன்னாள். “வெறும் வள்ளிக்கொழுந்தும் கருவாட்டு வாலும். தின்னுட்டு எல்லாத் தட்டையும் கழுவி வைன்னு சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு, என்ன தப்புப் பண்ணினோம்னு. கழுவிட்டு இருக்கும்போதுதான் உறைச்சுது. பூப்போட்ட தட்டு வேத்தாளுக்கு. பிப்ரவரியில தொண்ணூத்து நாலு பேரும் வேத்தாளுக்குத்தான் பதில் சொல்லியிருக்காங்க.”

ஐந்தாம் நாள் காலையில் களத்து மேஸ்திரி செல்சோ எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். இனிமேல் மத்தியானம் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது, சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து இங்கேயே சாப்பிட வேண்டும், முதலாளி உத்தரவு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு போடுவது இந்தப் பெண்கள்தான். ஒருத்தியும் மறுக்கவில்லை. “சரிங்க” என்று குனிந்து கத்தியை எடுத்தார்கள்.

‘பார், நான் எழுதியதுதான் சரி’ என்று டோராய்க்குத் தோன்றியதாம். மனசு வலித்தாலும் உள்ளே ஒரு மூலையில் திருப்தி. அதைச் சொல்லும்போது அவள் வெட்கப்பட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மீன் குடலுக்கு வந்த பூனையைப் பார்த்து கிழங்கு மாதிரி உருண்டையான எப்பாங் என்ற பெண் உரக்கப் பேச்சுக் கொடுத்தாள். “அடியே, மத்தியானம் வீட்டுப் பக்கம் போயிடாத. குட்டிங்க காத்தக் குடிச்சுட்டுப் படுத்துக்கும். மேலிடத்து உத்தரவு!”

“குட்டிங்களுக்கு என்ன கவல?” என்றாள் தோயாங், மீனைக் கீறியபடி. “ஞானஸ்நானத்துல தலையில கை வெச்ச ஞானத்தகப்பன் இருக்காரில்ல? அவரு பாத்துப்பாரு.”

அந்தக் களத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன் செல்சோதான். மூன்றடி தள்ளி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

மறுநாள் முதல் யாரும் அவரைக் ‘கும்பாரே’ என்று ஞான உறவு சொல்லி அழைக்கவில்லை. எல்லோர் வாயிலும் ‘சார்’. சொன்ன வேலையை ஒரு சொல் தவறாமல் செய்தார்கள். “இதச் செய்யட்டுங்களா, சார்? அங்க வைக்கட்டுங்களா, சார்?” சிரிப்பு மட்டும் இல்லை. மத்தியானம் களத்திலேயே வட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்களூரில் சாப்பிடும்போது நாய் கடந்துபோனாலும் “வாங்க, சாப்பிடலாம்” என்பது வழக்கம். வருகிறவர் உட்காரப்போவதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். செல்சோ நாலு வட்டத்தைக் கடந்து போனார். நாலு வட்டத்திலும் தலைகள் குனிந்தே இருந்தன. தன் சோற்றுப் பொட்டலத்தை உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, பிரிக்காமலே எழுந்து வந்தார். கடைக்குப் போன அவர் மனைவிக்கும் அன்று அதே பாராமுகம்தான் கிடைத்ததாம்.

இப்படி நடந்த இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டியடியில் அவர் டோராயைப் பிடித்தார்.

“நீங்க படிச்சவங்க, மிஸ். இவங்களுக்கு என்னதான் வந்துச்சு? ஒருத்தியாச்சும் எங்கிட்ட வந்து இது வேணும், இது வேணாம்னு சொன்னாளா? வாயத் தொறந்து கேட்டாத்தானே தெரியும்?”

அறுபது கேள்வியும் ஒன்றாய்த் திரண்டு எதிரே நின்று பேசுகிற மாதிரி இருந்தது டோராய்க்கு. அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு என்னங்க தெரியும், நான் ஊருக்குப் புதுசு. மத்தியானம் பெலாங் வீட்டுக்கு உப்பு எடுக்கப் போனேன். உங்க ஞானப்பிள்ளைங்க ரெண்டு மூணு பூட்டின வாசல்ல உக்காந்திருந்துச்சுங்க. என்னா வெயிலு! அவ்வளவுதான் பாத்தேன்.”

செல்சோ பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு “ஆமா, வெயிலு சாஸ்திதான்” என்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி, வாழையிலையில் கட்டி அவித்த பச்சரிசிப் பலகாரத்தோடு களத்துக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். “வெயிலு இப்படி அடிக்குது, மத்தியானம் எல்லாரும் வீட்டுக்குப் போயி நெழல்ல இருந்துட்டு வரட்டும், காலையில அரை மணி முன்னால வந்தாப் போதும்னு மொதலாளிகிட்டப் பேசிட்டாரு.”

“அப்படிங்களா? அவருக்கு எப்பவுமே நல்ல மனசு!” என்றார்கள் பெண்கள், வாய் நிறையப் பலகாரத்தோடு. உத்தரவு பற்றியோ பூனை பற்றியோ யாரும் மூச்சு விடவில்லை. மத்தியானம் அவர் கொட்டகையைக் கடக்கும்போது தோயாங் குரல் கொடுத்தாள்: “கும்பாரே! எங்க வீட்டுல இன்னிக்கு இறால் போட்ட புளிச்சாறு. வாங்க, சாப்பிடலாம்!”

“நீங்க சாப்பிடுங்க… நான் அப்பவே சாப்பிட்டாச்சு” என்று தடுமாறினார் செல்சோ. அப்படிச் சொன்னது பொய் என்றும், முகமெல்லாம் பல் என்றும் டோராய் நடித்துக் காட்டினாள்.

படகு சரியாகி அவள் வந்து சேர்ந்த அன்று என் கட்டிலில் குப்புற விழுந்துகொண்டு இதையெல்லாம் சொன்னாள். மேல் முழுக்கக் கருவாட்டு வாசம். “அறுபது கேள்வியில ஒண்ணுலகூட இது இல்லக்கா. மூணு நாள்ல அந்த மனுஷன மண்டியிட வெச்சாங்க, அவரு மானமும் போகாம. இவங்களுக்குப் பயிற்சி தரணும்னு எழுதினேன் நான்!” அப்புறம் எழுந்து உட்கார்ந்தாள். “இன்னொண்ணு. தொட்டியடியில அவருகிட்டப் பேசினேனே, கண்ணாடி பாத்துப் பழகல, யோசிக்கவுமில்ல. பத்தொம்போது மார்க்கு வாங்கினவதான் பேசினேன்.” அவள் சிரித்தாள். பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ தட்டும் வரை சிரித்தாள். அவளை அத்தனை இலேசாக நான் பார்த்ததே இல்லை.

ஆனால் டாக்டர் சாராபியாவிடம் சொல்லியாக வேண்டும். மறுநாள் டோராய் அவர் அறைக்குள் போனாள். நான் வெளி மேசையில் தாள் சொருகுவது போல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. ‘எதச் சொன்னா உங்களுக்கு நல்லது’ என்று தோயாங் கேட்டதையும் சொன்னாள்.   உள்ளே மேசை இழுப்பறை திறக்கும் ஓசை கேட்டது.

“இவை என்னுடைய தாள்கள். எட்டு வருஷத்துக்கு முன் எடுத்தவை. இதே கதைதான்” என்றார் சாராபியா. “பதில் சொன்னவர்கள் பிழை என்று எழுதி மூடி வைத்துவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்றாவது மாடியில் சிலருக்குத் தெரியும் என்கிறார்கள். போய்க் கேள். என் பெயர் உன் ஆய்வுக் குழுவில் இருக்கட்டும்.” இதையெல்லாம் அவர் தகலோக்கில் சொன்னார். அந்த அறையில் அவர் அந்த மொழி பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மூன்றாவது மாடியில், மனிதரின் மனதை எங்கள் சொற்களை வைத்தே படிக்க வேண்டும் என்று கூடிப் பேசிய ஒரு கூட்டம் இருந்தது. முன்பெல்லாம் டோராய் அந்தப் படியில் ஏறமாட்டாள். இங்கிலீஷ் வராதவர்கள் என்று கேலி பேசுவாள். இப்போது போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு முழு மாலை ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசினார்கள்: கப்வா. அகராதியில் ‘மற்றவர்’ என்று இருக்கும். ஆனால் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அதற்குள் நானும் இருக்கிறேன். நீயும் நானும் ஒரே தறியில் ஓடிய நூல் என்கிற மாதிரி. பேட்டி காண்பதற்குப் பதில் உட்கார்ந்து கதை பேசுவது, வேற்றாள் எப்போது நம்மாள் ஆகிறார் என்று கவனிப்பது, இதெல்லாம் ஆய்வு முறை என்று அவர்கள் சொன்னபோது டோராய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பினுங்காயில் படகு கெட்டுப்போனதால் அவள் செய்ததற்கு ஒரு பெயர் இருந்தது.

ஏட்டை அவள் ஐந்து மாதத்தில் தகலோக்கில் திருப்பி எழுதினாள். ஜாடைப் பேச்சுக்கு ஒரு அத்தியாயம். பாராமுகத்துக்கு ஒரு அத்தியாயம். அந்தப் பூனையும் உள்ளே வந்தது.

வாய்மொழித் தேர்வு சுலபமாக முடியவில்லை. வேறு மொழி பேசும் செபுத் தீவிலிருந்து வந்த டாக்டர் கபாஹூக் கேட்டார்: “நம் மொழி, நம் சொல் என்கிறாய். உன் தகலோக் எனக்கு இங்கிலீஷ் மாதிரி பள்ளியில் படித்ததுதான். இந்த ‘நம்’ யாருடைய ‘நம்’?”  கண்ணாடிப் பயிற்சிக் காலமாக இருந்தால் டோராய் ஏதாவது அடித்துப் பேசியிருப்பாள். “அது எனக்குத் தெரியலீங்க. நான் பினுங்காயத்தான் பாத்தேன். உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு உங்ககிட்டத்தான் கேக்கணும்” என்றாள். அவர் முறைத்தார். பிறகு செபுவில் இதே மாதிரி மேஸ்திரியை வழிக்குக் கொண்டுவந்த தன் சித்தியின் கதையைத் தொடங்கி அரை மணி நேரம் பேசினார். ‘பினுங்காய்’ என்ற பெயரைத் தலைப்பில் சேர்க்க வேண்டும் என்ற ஒரே திருத்தத்தோடு தேர்ச்சி கொடுத்தார்கள்.

அடுத்த மே மாதம் ஏட்டை அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று புறப்பட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். களத்தில் மூங்கில் தட்டிகளுக்கு நடுவே நின்று அவள் வாசிக்க, பெண்கள் கை ஓயாமல் மீன் கீறிக்கொண்டே சண்டை பிடித்தார்கள்.

“பூனகிட்டப் பேசினது நானு. எவளோ ‘ஒரு பெண்’ணுன்னு போட்டிருக்கா பாரு!” என்றாள் எப்பாங்.

“பேரு போட்டா உனக்குச் சங்கடம்னுதான்…”

“எனக்கென்னடி சங்கடம்? போடு! முழுப்பேரும் போடு!”

செல்சோ உப்பு மூட்டைப் பக்கமிருந்து, “எம்பேரு வேணாம், பொண்ணே” என்றார். களமே குலுங்கியது. அவர் பெயர் இன்றுவரை ஏட்டில் இல்லை. எனவே நான் இங்கே சொன்னதும் அவருடைய உண்மைப் பெயர் அல்ல.

டோராய் பிறகு லுசேனாவில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினாள். அமெரிக்கக் கேள்வித்தாள்களையும் சொல்லிக் கொடுத்தாள்; தூக்கி எறியவில்லை. அன்று களத்தில் வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்பும் படகில் பெஞ்சில் கால் நீட்டி, பெலாங் கொடுத்த கருவாட்டுக் கட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கினாள். எதிரே இருந்த கிழவர் ஒருவர் அவளைக் காட்டி, “ரொம்ப அசதியோ?” என்று கேட்டார். “இல்லீங்க, நிம்மதி” என்றேன் நான். கரை வந்ததும் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.